கண்ணத் தொறந்துகினு பண்ண ஜெபம்

என் புள்ள மூஞ்சிய செத்துப்போனவன் பேனர்ல பாத்தேன். அங்கேர்ந்துதான் சொல்லணும், அதுக்கு முன்னாடி எங்க ஊடு எல்லார் ஊடு மாதிரிதான் இருந்துச்சி.

என் பேரு ஸ்டெல்லா. கள்ளிக்குப்பத்துலதான் பொறந்தேன், இங்கயேதான் கட்டிக்குடுத்தாங்க. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் வேலை. ஊட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுறாரு. ஒரே புள்ள, ஆரோன். பதினேழு வயசு, ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் படிக்கிறான். எனக்குக் கோவம் ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி. சபையில நின்னு சாட்சி சொல்றதுன்னா மட்டும் வார்த்த மாறிடுது. தப்பா எதனா வந்துட்டா பொறுத்துக்கோங்க.

போன வருஷம் அக்டோபர், மழை புடிச்ச நேரம். வேலை முடிஞ்சி வேன்லேர்ந்து எறங்குறேன், தெருமுனையில புதுசா ஒரு பேனர். கண்ணீர் அஞ்சலி. எங்க ஏரியாவுல ஒரு ஆளு இருந்தான். அவன் பேரு இங்க வேணாம். பசங்கள்லாம் அண்ணாத்தே அண்ணாத்தேன்னு அவன் பின்னாடியே சுத்துவானுங்க. அவன வேற கேங்கு ஆளுங்க வெட்டிட்டாங்க. அவன் போட்டோ பெருசா, கீழ வரிசையா சின்னச் சின்ன மூஞ்சிங்க. அந்த வரிசையில என் புள்ள. கூலிங் கிளாஸ் போட்டுக்கினு, ஈஸ்டருக்கு நான் எடுத்துக்குடுத்த சட்டையில சிரிச்சிகினு கீறான்.

வெளியூர்லேர்ந்து வந்து ஃப்ளாட்ல இருக்கறவங்க இதுல இன்னா இருக்குன்னு கேப்பீங்க. எங்க பக்கம் காது குத்துனாலும் பேனர், மஞ்ச தண்ணி ஊத்துனாலும் பேனர், கீழ கூட்டாளிங்க மூஞ்சி. அது சும்மா சந்தோஷத்துக்கு. ஆனா வெட்டுப்பட்டவன் பேனர்ல மூஞ்சி வந்தா நீ அவனுங்க ஆளுன்னு ஆயிடும். எதிர்ப்பக்கத்துக்காரன் பைக்ல வந்து அந்தப் பேனர போட்டோ புடிச்சிகினு போவான். இந்தப் பக்கத்துக்காரன் பழி வாங்க ஆள் தேடும்போது அதே வரிசையத்தான் பாப்பான். ரெண்டு பக்கமும் அடி வாங்கறது மீசை முளைக்காத புள்ளைங்க.

ஊட்டுக்குப் போய் ஆரோன சட்டையப் புடிச்சி உலுக்கிட்டேன்.

"சும்மா போட்டோ தானம்மா. பசங்க கேட்டானுங்க, வாட்சப்ல அனுப்பிச்சேன். எல்லாரும்தான் அனுப்பிச்சாங்க."

"எல்லாரும் கெணத்துல குதிச்சா நீயும் குதிப்பியாடா?"

"அண்ணாத்தே எனக்கு ஃபுட்பால் ஷூ வாங்கிக் குடுத்துச்சிமா. அதுக்கு ஒரு போட்டோ கூட போடக்கூடாதா?"

 ஷூ கேட்டு எங்கிட்டயும் ரெண்டு மூணு வாட்டி வந்தான், நான் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்லிகினு இருந்தேன். எவனோ ஒருத்தன் வாங்கிக் குடுத்துட்டான்.

ஊட்டுக்காரர், "ஊருக்கு அனுப்பிச்சிடலாம்"னாரு. எந்த ஊருய்யா? எங்களுக்கு ஊருன்னா இதான். ஸ்டேஷனுக்குப் போனோம். பேனர அவுத்துட்டாங்க, அத ஒத்துக்கணும். "இன்னும் எதுவும் நடக்கலியேம்மா, புள்ளய பத்திரமா ஊட்ல வெச்சிக்கோ"ன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. பேனர் போச்சி. ஆனா அந்தப் போட்டோ எல்லார் போன்லயும் இருந்துச்சி.

அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல. பைக் சத்தம் கேட்டா எழுந்து வாசலுக்கு ஓடுவேன். பால் பாக்கெட் போடறவன் வந்தாலும் ஓடுவேன். முட்டி போட்டு ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வரல. கண்ண மூடுனா அந்த வரிசை தெரியுது. கண்ண மூடி இருக்கற நேரத்துல எவனாவது வந்து புள்ளயக் கூட்டிகினு போயிடுவானோன்னு பயம். பாதி ஜெபத்துல எழுந்து போய் அவன் தூங்கறானான்னு பாத்துட்டு வருவேன். ஆண்டவர் மேலயே கோவம் வந்துச்சி. உனக்கு ஆயிரம் புள்ள, எனக்கு ஒண்ணுதானேன்னு சண்ட போட்டேன்.

அப்பத்தான் தேவி ஒரு சேதி சொன்னா. தேவி எதிர் ஊடு. தெருமுனையில சாயங்காலம் பஜ்ஜி போடுறா. சபைக்கெல்லாம் வரமாட்டா, அவளுக்கு மாங்காட்டு அம்மன்தான். ஆனா அவ அடுப்பாண்ட வராத சேதியே கெடையாது.

"ஸ்டெல்லா, கத்தாத. மெதுவா கேளு. முப்பதாம் நாளு படையல் போட்டுட்டு சம்பவம் பண்றானுங்களாம். வண்டி ஓட்ட உன் புள்ளயத்தான் சொல்லிகினு கீறானுங்க."

சம்பவம்னா பழிக்குப் பழி வெட்டு, இங்க யாருக்கும் வெளக்க வேணாம். 

அந்த வெள்ளிக்கெழம பெண்கள் கூட்டத்துல நான் ஜெபக் குறிப்பு சொல்லல, ஒப்பாரியே வெச்சேன். பாஸ்டரம்மா கட்டிப்புடிச்சிகினு, "சங்கிலி ஜெபம் வெப்போம் ஸ்டெல்லா. ஒவ்வொருத்தரும் ஒரு மணி நேரம் எடுத்துக்கலாம், விடாம ஜெபிக்கலாம்"னாங்க. எல்லாரும் ஆமேன்னாங்க. எனக்குத்தான் எரிச்சல் வந்துச்சி.

"பாஸ்டரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. இங்க நீங்க கண்ண மூடிகினு ஜெபிப்பீங்க. அங்க அவன் எங்க கீறான்னு யாருக்குத் தெரியும்? என்னால கண்ணையே மூட முடியல."

 சரிதான், வாய உட்டுட்டோம்னு நெனச்சேன். பாஸ்டரம்மா என் கையப் புடிச்சிகினு சொன்னாங்க.

"அப்ப மூடாத. தொறந்துகினே ஜெபி. அவனப் பாத்துகினே ஜெபி. நாங்களும் அப்படியே பண்றோம். யாரு மணி நேரமோ, அவங்க கண்ணுல அவன் இருக்கணும்."

ரோசி அக்கா உடனே புடிச்சிகினாங்க. அவங்க ஆவடி குவாட்டர்ஸ்ல இருந்தவங்க, அவங்க ஊட்டுக்காரர் பேக்டரியில ரிட்டயர் ஆனதும் இங்க ஊடு கட்டிகினு வந்தாங்க. திருநெல்வேலிப் பக்கம். "ஏட்டி, பெரிய பயல கயித்துலயா கட்ட முடியும்? ஏதாவது வேல சொல்லிக்கிட்டே இருப்போம். பொம்பளைங்க கூப்புட்டு வேல சொன்னா மாட்டேன்னுட்டு எந்தப் பய போவான்?"

அதுதான் திட்டம். அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. பாஸ்டரம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. யாரும் அவனுக்குப் புத்தி சொல்லக்கூடாது. வேல சொல்லலாம், சோறு போடலாம், அவன் பேசுனா கேக்கலாம். என்னயப் பாத்து, "முக்கியமா நீ"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பேனர்ல இருந்த மத்த பசங்கள்ல எங்க ரெண்டு தெருவுல இருக்கறவங்களயும் சேத்துக்கினோம். தேவி கேள்விப்பட்டு கைய தொடச்சிகினு நேரா பாஸ்டரம்மா ஊட்டுக்கே வந்துட்டா.

"என் பேரயும் போடுங்கம்மா. நான் என் அம்மன்கிட்ட கேட்டுக்கறேன். மணி நேரத்த மட்டும் சொல்லுங்க."

பாஸ்டரம்மா நோட்ட எடுத்து அவ பேர எழுதுனாங்க. அப்புறம், "படையலுக்கு அவனுங்க குறிச்சிருக்கறது சனிக்கெழம. அன்னிக்கி சாயங்காலத்த நீ எடுத்துக்கோ தேவி"ன்னாங்க.

அய்யோ, அதுக்கப்புறம் என் புள்ள பட்ட பாடு! காலேல எழுந்தா தண்ணி கேன் தூக்கணும். ஐ.டி.ஐ. விட்டு வந்தா ஒருத்தர் ஊட்ல கேஸ் சிலிண்டர் மாத்தணும், இன்னொருத்தர் ஊட்ல ஒட்டட அடிக்கணும். பாஸ்டரம்மாவுக்கு போன்ல பாட்டு டவுன்லோட் பண்ணித் தரணும். ஒரு நாளு ரோசி அக்கா நல்லா ஓடிகினு இருந்த மிக்ஸிய கழட்டிப் போட்டு, "ரிப்பேருல, பாத்துக் குடு"ன்னுட்டாங்க. ஆரோன் ஊட்டுக்கு வந்து குதிச்சான்.

"இன்னாமா இது? இந்தத் தெருவுல கீற எல்லா ஆன்ட்டிக்கும் நான் ஒருத்தன்தான் புள்ளயா?"

"அவங்க கூப்புடறாங்க, நான் இன்னா பண்றது? போடா, போய் மாட்டிட்டு வா."

பாத்ரூமுக்குள்ள போய் வாயப் பொத்திகினு சிரிச்சேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன். ஆனா அந்தச் சிரிப்பு நெலைக்கல. அவன் போன் அடிச்சிகினேதான் இருந்துச்சி. போன எடுத்துகினு மாடிக்குப் போவான். எறங்கி வரும்போது மூஞ்சி வேற மாதிரி இருக்கும். நான் எதுவும் கேக்கக்கூடாது. நாக்கக் கடிச்சிகினு சப்பாத்தி தேய்ப்பேன்.

ஒரு நாளு ரோசி அக்கா ஊட்ல பூண்டு உரிச்சிகினு இருந்திருக்கான். திடீர்னு கேட்டிருக்கான், "ஆன்ட்டி, வெட்டுனா ரொம்ப வலிக்குமா?"

ரோசி அக்கா கைய நிறுத்தல. "வலிக்கும்டே. வெட்டுப்பட்டவனுக்கும் வலிக்கும், அவன் வீட்டுக்காரங்களுக்கும் வலிக்கும்"னு சொல்லிட்டு இன்னொரு பூண்ட எடுத்துக் குடுத்திருக்காங்க. அவன் தலைய ஆட்டிட்டு உரிச்சிகினே இருந்தானாம். இத அவங்கதான் எங்கிட்ட சொன்னாங்க. ஒரு அம்மா கேக்கக்கூடாத கேள்விங்க அது.

அந்தச் சனிக்கெழம வந்துச்சி. எனக்கு லீவு கெடைக்கல. ஷிப்மெண்ட். உள்ள போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கர்ல வெச்சிட்டுப் போகணும். சட்ட சட்டயா வருது, நான் கைய ஓட்டறேன், கண்ணு பாக்கல. காலர் கோணலா இருந்தத பாஸ் பண்ணி உட்டுட்டேன். சூப்பர்வைசர், "இன்னாக்கா, தூக்கமா?"ன்னாரு. எனக்கு நின்ன எடத்துலயே ஜெபம் ஓடிகினு இருந்துச்சி. வாய்விட்டு கூட இல்ல. ஏசப்பா, எங்க கீறான், ஏசப்பா, எங்க கீறான். அவ்ளோதான் ஜெபம். ஸ்தோத்திரம் கூட சொல்லல. உங்கள்ல யாருக்காவது ஜெபிக்க வார்த்த வரலன்னா கவலப்படாதீங்க. எனக்கும் வரல.

அங்க நடந்தத தேவிதான் அப்புறமா சொன்னா. அவ சொன்னபடியே சொல்றேன்.

சாயங்காலம் அவ ஊட்டு வாசல்லேர்ந்து எட்டிப் பாக்கறா, தெருமுனையில ரெண்டு ஆளுங்க. அவனுங்க பைக் ஸ்டார்ட் ஆகி நிக்குது, ஓட்டற எடத்துல ஆரோன். ஒருத்தன் இப்பத்தான் பின்னாடி ஏறக் கால தூக்கறான்.  தேவி கைக்குக் கெடச்ச வயர் கூடைய தூக்கிகினு ஒரே நடை. அவன் கால போடறதுக்குள்ள இவ போய் பின்னாடி சீட்ல ஏறி உக்காந்துட்டா. தேவியப் பாத்திருப்பீங்க, நல்ல கட்டையான ஒடம்பு. அவ உக்காந்தா வேற ஒருத்தருக்கு எடம் இல்ல.

"டேய் ஆரோன், மார்க்கெட்டாண்ட உட்றா."

"ஆன்ட்டி, எறங்கு ஆன்ட்டி. வேல கீது."

"எனக்கு மட்டும் வேல இல்லியா? வாழக்கா சுத்தமா இல்ல. பஜ்ஜி நீயா போடப் போற?"

பக்கத்துல நின்னவன், "யக்கா, ஆட்டோல போக்கா"ன்னிருக்கான்.

"ஏன் நைனா, ஆட்டோக்காரன் இன்னா எங்க மாமனா? ஊட்ல உங்கம்மா கேட்டா இப்டித்தான் எறக்கி உடுவியா?"

தெருவுல எல்லாரும் பாத்து சிரிக்கறாங்க. எவ்ளோ பெரிய கையா இருந்தாலும், ஊரே பாக்கறப்ப, அவ தெருவுலயே, கூடைய வெச்சிகினு உக்காந்த பொம்பளைய வண்டியிலேர்ந்து தள்ள முடியாது. அது எங்க பக்கத்து வழக்கம். தெருவுல எந்தப் பையன் வண்டி எடுத்தாலும் ஒரு அக்காவோ ஆயாவோ ஏறிக்கும், அவன் எறக்கி உட்டுட்டுத்தான் போகணும். கடைசியில அவனுங்களே, "போய் சீக்கிரம் உட்டுட்டு வாடா"ன்னுட்டானுங்க.

மார்க்கெட்ல தேவி வாழக்காய ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்தாளாம். ஆரோன் போன் அடிச்சிகினே கீது. "குடு இங்க"ன்னு புடுங்கி கூடையில போட்டு மேல வாழக்காய அடுக்கிட்டா. அவன் கூடைய வாங்கி வண்டியில மாட்டுனான். "பூந்தமல்லியில எங்கக்கா ஊடு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்"னா. அவன் வண்டிய அந்தப் பக்கம் திருப்பிட்டான். தேவி அவன் சட்டய கெட்டியாப் புடிச்சிகினு உக்காந்திருந்தாளாம். அவ அக்கா ஊட்ல காபி குடிச்சாங்க. குடிச்சி முடிச்சி எழுந்தப்ப ஆரோன் வாசப்படியிலயே உக்காந்துட்டான்.

"ஆன்ட்டி, இன்னும் எங்கனா போலாமா?"

 அவன் போக ஆசப்பட்டுப் போகலங்க. வேணாம்னு சொல்லத் தெரியல. யாராவது வந்து தடுக்க மாட்டாங்களான்னு என் புள்ளயே காத்துகினு இருந்திருக்கான்.

தேவி, "குத்தம்பாக்கத்துல புது பஸ் ஸ்டாண்டு கட்டிகீறாங்களாமே, நான் பாத்ததே இல்ல. வா போலாம்"னு கூட்டிகினு போயிட்டா. நான் வேலை முடிஞ்சி லாக்கர தொறக்கறேன், அவ அக்கா போன்லேர்ந்து மெசேஜ் கெடக்குது. "புள்ள என்னாண்ட கீறான், பயப்படாத." கேட்டாண்ட அப்படியே தரையில உக்காந்து கத்தி அழுதேன். கூட வேல செய்யறவங்கள்லாம் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சி ஓடி வந்தாங்க. என் ஆண்டவர் என் புள்ள முதுகுக்குப் பின்னாடி ஒரு பஜ்ஜி கடக்காரிய உக்கார வெச்சி அவன காப்பாத்துனாரு. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு அன்னிக்கித்தான் வாயில வந்துச்சி.

மறுநாளு ஊட்டுக்காரரும் பாஸ்டரும் அந்த பைக்கையும் ஆரோனையும் கூட்டிகினு போய் ஸ்டேஷன்ல எல்லாத்தையும் சொன்னாங்க. அவன் பயந்தான், ஆனா சொன்னான். இப்ப ஐ.டி.ஐ. ஒழுங்காப் போறான். ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் பருத்திப்பட்டு ஏரியாண்ட சின்னப் பசங்கள வெச்சி ஃபுட்பால் ஆட்றான். நானும் மாறிட்டேன். கத்தறது கொறையல, ஆனா அவன் பேசும்போது இப்ப நடுவுல பேசறதில்ல.

இதோட முடிச்சிருந்தா நல்ல சாட்சி. ஆனா நான் முழுசா சொல்லிடறேன், இல்லன்னா எனக்கு நிம்மதி இருக்காது.

சம்பவம் நிக்கல, அன்னிக்கே நடந்துச்சி. ஆரோன் வரலன்னதும் அவனுங்க வேற வண்டியும் வேற பையனும் தேடுனானுங்க. பின் தெருவுல விக்கின்னு ஒரு புள்ள. அவன் அம்மா லட்சுமி ஃப்ளாட்டுங்கள்ல ஹவுஸ்கீப்பிங் வேல செய்யறா, அப்பா இல்ல. அவன் எந்த கேங்குலயும் இல்ல. பேனர்ல அவன் மூஞ்சியே இல்ல. தயிர் வாங்கினு போனவன நிறுத்தி, "வண்டி ஓட்டுவியாடா?"ன்னு கேட்டிருக்கானுங்க. பெரிய ஆளுங்க கேக்கறாங்களேன்னு பெருமையா ஓட்டுவேன்னிருக்கான். எங்க போறாங்கன்னு கூட அவனுக்குத் தெரியாது. வெட்டுப்பட்ட ஆளு பொழச்சிகினான், ஒரு கை வெளங்காமப் போச்சி. எல்லாரயும் புடிச்சிட்டாங்க. விக்கி சின்னப் பையன்றதால ஜுவனைல் ஹோம்ல வெச்சாங்க.

நாங்க பேனர்ல இருந்தவங்கள மட்டும் எண்ணிகினு இருந்தோம்.

லட்சுமியப் பாக்கப் போனேன். இன்னா சொல்றதுன்னு தெரியாமத்தான் போனேன். அவ அழல. "உன் புள்ளைக்கு ஒரு தெருவே இருந்துச்சி ஸ்டெல்லாக்கா. என் புள்ளைக்கு நான் வேலைக்குப் போயிட்டா யாரு கீறாங்க?"ன்னு கேட்டா. நான் வந்து ஆண்டவர்கிட்ட அதயே கேட்டேன். அவன விட்டுட்டு இவன ஏன்பா காப்பாத்துனன்னு கேட்டேன். இன்னும் கேட்டுகினுதான் கீறேன்.  ஆனா ஜுவனைலுக்கு மனு போட்டு அவனப் பாக்கப் போற நாள்ல எல்லாம் நானும் லட்சுமி கூட பஸ் ஏறுனேன். அது மட்டும் எனக்குத் தெரிஞ்சது.

விக்கி ஜாமீன்ல வெளிய வந்துட்டான். போன வாரமே வந்துட்டான். வந்த அன்னிக்கே தெருவுல புதுசா ரெண்டு பைக் நின்னுச்சி. உள்ள போயிட்டு வந்த புள்ளன்னா அவனுங்களுக்கு இப்ப இன்னும் மவுசு. அவன் சபைக்கு வர்ற புள்ள இல்ல, வரச்சொல்லியும் யாரும் கேக்கப் போறதில்ல. அவனுக்கும் சங்கிலி போட்டாச்சி. காலேல ரோசி அக்கா, மத்தியானம் பாஸ்டரம்மா, ஞாயித்துக்கெழம ஆரோன் அவன ஆட்டத்துக்குக் கூட்டிகினு போறான்.

லட்சுமி இன்னிக்கி வந்து கடைசி வரிசையில உக்காந்துகினு கீறா. யாரும் திரும்பிப் பாக்காதீங்க, அவளுக்குக் கூச்சம்.

சாட்சி முடிக்கும்போது ஆண்டவர நம்புங்கன்னு சொல்லுவாங்க. நானும் சொல்றேன். நம்புங்க, அவர் கேக்கறாரு. என் புள்ளைக்காக நான் கேட்டத கேட்டாரு. ஆனா அவர் கேட்டுட்டு யாரயாவது அனுப்பணும் இல்லியா? விக்கிக்கு சனிக்கெழம சாயங்காலம் ஆளு இல்ல. தேவியால வாரா வாரம் கடய மூட முடியாது, எனக்கு ஷிப்மெண்ட் வந்துட்டா வெளிய வர முடியாது. ஃப்ளாட்ல இருந்து வர்றவங்களா இருந்தாலும் பரவால்ல, ஊட்ல ஒரு ஃபேன் கழட்டி மாட்டற வேல இருந்தாலும் போதும். யாரு எடுத்துக்கறீங்க? கைய தூக்குங்க. ஒரு கை தெரியற வரைக்கும் நான் இங்கேர்ந்து எறங்க மாட்டேன்.